ஒரு ரூபாய் கூடுதல்

பிப்ரவரி 5, திங்கள்

தவணை போய்விட்டதாகக் காலையில் கைபேசிக்குச் செய்தி வந்தது. கணினியைத் திறந்து அட்டவணையில் ஏற்றினேன். தேதி, தவணை, வட்டி, அசல், மீதி என்று பத்திகள். கடைசியில் ‘கூடுதல்’ என்று ஒன்று இருக்கிறது. மாதத் தவணைக்கு மேல் கையிலிருந்து ஏதாவது கட்டினால் அதில் எழுத வேண்டும். மூன்று வருடமாக அது காலியாகவே கிடக்கிறது.

மீதிக் கட்டம் மஞ்சள் நிறம். மீதி பூஜ்யமானால் தானாகப் பச்சையாகும்படி கோகுல் அமைத்து வைத்திருக்கிறான். அட்டவணை முழுக்க என் மகன் செய்ததுதான். நான் எண்களை மட்டும் போடுகிறேன். சூத்திரம் உள்ள கட்டங்களைத் தொடுவதில்லை.

பிறகு சுகந்தியைக் கூப்பிட்டு, “தவணை போயிருச்சு கண்ணு” என்றேன். ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் சொல்வதுதான். இந்த வீட்டுக் கடனில் முதல் பெயர் கோகுல், இரண்டாவது அப்போது அவன் மனைவியாக இருந்த சுகந்தி, மூன்றாவது நான். அவளுக்குத் தெரிவிப்பதுதான் முறை.

வழக்கமாக “சரிங்க மாமா, அத்தை என்ன பண்றாங்க?” என்பாள். இன்று அத்தையை விசாரிக்கவில்லை.

“மாமா, ஒண்ணு சொல்லோணும். சங்கடப்படாதீங்க.”

“சொல்லு.”

“உடுமலைல ஒரு எடம் பாத்திருக்கறமுங்க. ஊடு கட்ட அவரும் நானும் சேந்து லோன் கேட்டோம். எம் பேர்ல ஏற்கெனவே ஒரு வீட்டுக் கடன் ஓடுதுன்னு நிறுத்தி வெச்சுட்டாங்க.”

“எடத்துக்காரரு எத்தன நாள் பொறுப்பாரு?”

“ஆவணி வரைக்கும்னு சொல்லியிருக்காருங்க. நீங்க அவசரப்பட வேண்டாம் மாமா. தெரியோணும்னுதான் சொன்னேன்.”

“ஆவணிக்குள்ள முடிச்சர்லாம்” என்றேன். கணக்குப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் செய்யக்கூடாத காரியம்.

பிப்ரவரி 8, வியாழன்

வங்கிக்குப் போனேன். சுகந்தியின் பெயரை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். என் வயதுக்கு மொத்தக் கடனையும் என் பெயரில் மாற்ற வழியில்லை என்றார்கள். அவள் பெயர் விடுபட வேண்டுமானால் கடன் முடிய வேண்டும்.

கோகுல் இறந்தபோது அவன் காப்பீட்டுப் பணம் வந்து பாதிக்கு மேல் கழிந்த பிறகு நிற்கிற மீதி இது. மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். தவணைப்படி போனால் இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். எனக்கு இருப்பது ஏழு மாதம்.

கூடுதல் பணம் என்ன செய்யும் என்று என் மனைவி மரகதத்துக்கு விளக்கினேன். எடுத்துக்காட்டாக, கடன் என்பது வாடகைக் கிடங்கில் அடுக்கி வைத்த மூட்டைகள். வட்டி என்பது கிடங்கு வாடகை, மூட்டைக்கு இவ்வளவு என்று. மாதா மாதம் நாம் கொடுக்கும் தவணையில் முதலில் வாடகை கழியும். மிச்சத்துக்குத்தான் மூட்டையை வெளியே எடுக்கலாம். ஆனால் கூடுதலாகக் கட்டுகிற பணத்தில் வாடகை கழியாது. அது முழுக்க மூட்டை.

“அப்ப வாடகை நெம்ப மிச்சமாகுமுங்ளா?”

ஆகாது என்பதுதான் உண்மை. கடனின் தொடக்கத்தில் கட்டியிருந்தால் ஆகும். முடிகிற காலத்தில் கட்டுவதில் லாபம் சொற்பம். லாபத்துக்காகக் கட்டவில்லை, ஆவணிக்காகக் கட்டுகிறேன் என்றேன்.

மரகதம் வெங்காயம் உரித்துக்கொண்டே, “கடன் முடிஞ்சா அஞ்சாந்தேதி என்னன்னு சொல்லி அவளக் கூப்புடுவீங்க?” என்று கேட்டாள்.

தேங்காய் மூடி ஒன்று இருந்தது. அதைத் துருவிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஸ்கூட்டரை விற்றாயிற்று. இருபத்தெட்டாயிரம். வாங்கியவர் கவுண்டம்பாளையத்தில் மாவு மில் வைத்திருப்பவர். நல்லபடியாக வைத்துக்கொள்வார். ‘கூடுதல்’ பத்தியில் முதல் எண் ஏறியது.

மார்ச் 4, திங்கள்

ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு வீட்டிலேயே ட்யூஷன் தொடங்கினேன். காலை ஆறரைக்கு வருகிறார்கள். முட்டி வலியில் மாடி ஏற முடியாததால் கீழ் அறையில் பலகையை மாட்டினேன். நின்று எழுதுவதற்குத்தான் கஷ்டமாக இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்கிறேன். பிள்ளைகள் கவனித்த மாதிரி தெரியவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

தவணை போனது. சுகந்தியிடம் சொன்னேன். அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் கூட்டம், உடனே வைத்துவிட்டாள்.

மார்ச் 17, ஞாயிறு

கோகுலுக்கு மூன்றாவது வருடத் திதி. மதியம் நான்கு பேருக்குச் சாப்பாடு போட்டோம்.

சுகந்தி வரவில்லை. வரக்கூடாது என்று மரகதம்தான் சொல்லியிருந்தாள். புதுக் குடித்தனம், எதற்கு என்று. சாயங்காலம் சுகந்தியின் கணவர் லோகநாதனிடமிருந்து அழைப்பு வந்தது. நலமா என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த மனிதருக்குப் பேசாமல் இருக்கத் தெரிகிறது.

போன ஐப்பசியில்தான் அவர்களுக்குக் கல்யாணம். பேசி முடித்ததே மரகதம். மண்டபத்தில் மொய் எழுதுகிற மேசையில் பத்தாயிரத்து ஒரு ரூபாய் வைத்தேன். பெயர் கேட்டார்கள். மருதாசலம் என்றேன். பொண்ணுக்கு என்ன உறவு வேணும் என்று கேட்டுவிட்டு எழுதுகிறவர் பேனாவோடு காத்திருந்தார். ஊர்ப் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

இன்று அட்டவணையைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

தவணை. ட்யூஷன் பணம் பன்னிரண்டாயிரத்தையும் கூடுதலாகக் கட்டினேன்.

ஏப்ரல் 22, திங்கள்

வெயில். மதியம் முழுக்கப் படுத்திருந்தேன்.

மே 6, திங்கள்

ஒன்றரை லட்சம் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுத்துக் கடனில் கட்டினேன். அட்டவணையில் மீதி சடாரென்று சரிந்தது. பார்க்க நன்றாக இருந்தது.

மரகதத்துக்கு இன்றுதான் சொன்னேன். சுண்டலைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அது முட்டி ஆப்பரேசனுக்கு வெச்சதுங்க.”

“தெரியும்.”

“டாக்டரு தள்ளிப்போட வேண்டாம்னு சொன்னாரில்லீங்.”

“ஒரு வருசத்துல ஒண்ணும் ஆகாது.”

“முட்டியத் தள்ளிப்போட்டுக் கடனை முந்திப்போடற வாத்தியார ஊர்ல எங்கியும் பாக்க முடியாதுங்க. உங்கள எக்ஸிபிசன்ல வெக்கலாம்.”

சொல்லிவிட்டு இரவு அவளே தைலம் தேய்த்துவிட்டாள். அழுத்தித் தேய்த்தாள்.

ஜூன் 7, வெள்ளி

வங்கியில் கடன் இருப்பு என்ன என்று எழுதி வாங்கி வந்தேன். ஆவணிக்குள் முடிக்க இன்னும் எவ்வளவு வேண்டும் என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமே.

அட்டவணைக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை. வங்கிக் கணக்கில் மீதி குறைவாக இருக்கிறது. இருபதாயிரத்துச் சொச்சம் குறைவு.

ஏதாவது எண்ணை மாற்றிப் போட்டுவிட்டேனா என்று ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். எண்கள் சரி. அப்படியென்றால் சூத்திரம் தவறாக இருக்க வேண்டும்.

கணினியை மூடிவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

இரண்டு நாளாக வெள்ளைத்தாளில் கையால் போட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி, அசல், மீதி. கோகுலின் சூத்திரம் உள்ள கட்டத்தை முதல் முறையாகத் திறந்து அவன் என்ன எழுதியிருக்கிறான் என்று வாசித்தேன். அடைப்புக்குறிகளைத் தேவைக்கு மேல் போட்டிருக்கிறான். பள்ளியிலும் அப்படித்தான். விடை சரியாக இருக்கும், அடைப்புக்குறி இரண்டு அதிகமாக இருக்கும். அதற்காக அவன் தாளில் நான் மார்க்கைக் குறைத்ததில்லை.

மாலை ஐந்து மணிக்குக் கணக்கு முடிந்தது. கோகுல் சரி. பைசா வரைக்கும் சரி.

தவறு வங்கியினுடையது.

ஜூன் 10, திங்கள்

வேறு யாரோ கட்டிய பணம் எங்கள் கணக்கில் தவறி விழுந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். அந்த மனிதர் தன் கடனில் குறையவில்லையே என்று தவித்துக்கொண்டிருப்பார். விடைத்தாள் திருப்பிக் கொடுக்கும் நாளில் மார்க் குறைந்திருந்தால் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பார்கள். கூட்டலில் கூடிப்போயிருந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். கூடினாலும் வந்து சொல்ல வேண்டும் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆகவே பேருந்து ஏறிப் போனேன்.

கடன் பிரிவில் நித்யா என்ற பெண் அதிகாரி. என் தாள்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார்.

“சார், மீதி கம்மியா இருக்குன்னு புகார் குடுக்க வந்த மொதல் ஆளு நீங்கதானுங்க.”

“யாரோட பணமோ தெரியலீங்க. பாவம், தேடுவாரில்ல?”

முழு விவரப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தார். மார்ச், ஏப்ரல், மே, ஜூன், நான்கு மாதமும் தவணைக்கு மறுநாள் ஒரு வரவு. நான் கட்டாதது. ஒவ்வொன்றும் ஐயாயிரத்து ஒரு ரூபாய்.

அந்த ஒன்றைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இயந்திரம் தவறு செய்தால் இப்படிச் செய்யாது. தொகையின் வாலில் ஒரு ரூபாயைச் சேர்த்து வைப்பவர்கள் மனிதர்கள், அதுவும் நம் பக்கத்து மனிதர்கள்.

“உடுமலை கிளைல கட்டியிருக்காங்க சார். உங்க லோன்லயே ரெண்டாவது பேர்ல இருக்கறவங்கதான்” என்றார் நித்யா.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

காலையிலேயே சுகந்தியைக் கூப்பிட்டேன். கோபமாகப் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

“அந்தப் பணத்த நீ எதுக்குக் கட்டற? நான் முடிக்கறேன்னு சொல்லியிருக்கறனில்ல?”

“தெரிஞ்சுருச்சுங்ளா” என்றாள்.

“உன்ற புருசன் காசுல எங்க ஊட்டுக் கடனைக் கட்டறது நல்லாவா இருக்குது? அவரு என்ன நெனைப்பாரு?”

“அவருக்குத் தெரியுமுங்க மாமா. மொத மாசம் அஞ்சாயிரம்னு எழுதினேன். அவருதான் ஒரு ரூபா சேத்து எழுதச் சொன்னாரு.”

“எதுக்கு?”

“மொய்யுங்க மாமா. கல்யாணத்துக்குப் பத்தாயிரத்தி ஒண்ணு வெச்சீங்கல்ல. திருப்பி வெக்கோணுமில்லீங்.”

“மொய்ய விசேசத்துல வெப்பாங்க. பேங்க்ல வெப்பாங்களா?”

அந்தப் பக்கம் யாரோ குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“உங்க ஊட்ல விசேசம்…” என்றாள். அங்கேயே நிறுத்திக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, “நான் எங்கீங்க மாமா கொண்டுவந்து வெப்பேன்?” என்றாள்.

பிள்ளைகள் ட்யூஷனுக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிள்ளைகள் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பலகையில் போட்டிருந்த கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் வெளியே வந்து பேசினேன்.

ஜூன் 12, புதன்

இருபதாயிரத்து நான்கு ரூபாயை அவளுக்குத் திருப்பி அனுப்பிவிடுவது என்று இரவெல்லாம் நினைத்திருந்தேன். காலையில் மரகதத்திடம் சொன்னேன்.

“அனுப்பாதீங்க” என்றாள்.

“ஏன்?”

“வாத்தியாருக்குக் கணக்குத் தெரியுது, மொய்க் கணக்குத் தெரியலீங்களே. நம்ம வெச்சது பத்தாயிரத்தி ஒண்ணு. அவ அதே பத்தாயிரத்தி ஒண்ணத் திருப்பி வெச்சிருந்தா கணக்கு முடிச்சுக்கிட்டான்னு அர்த்தம். ரெண்டு மாசத்துல அதத் தாண்டிட்டா. பொறகு வெச்சதெல்லாம் புது மொய்யுங்க. நாம அவளுக்குத் திருப்பி வெக்கோணும்னு கட்டிவெச்சிருக்கறா. இப்பப் போயிப் பணத்தத் திருப்பி அனுப்பினா, உன்ற சங்காத்தமே வேண்டாம்னு சொல்ற மாதிரி.”

நான் யோசித்துப் பார்த்தேன். கடனில் கூடுதலாகக் கட்டுவது கணக்கை முடிக்க. மொய்யில் கூடுதலாக வைப்பது கணக்கு முடியாமல் இருக்க. இரண்டுக்கும் ஒரே பெயர். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் இந்த எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

அட்டவணையில் நான்கு மாதத்துக்கும் ‘கூடுதல்’ பத்தியில் 5,001 ஏற்றினேன். வங்கிக் கணக்கும் கோகுலின் கணக்கும் ஒன்றாயின.

ஜூலை 5, வெள்ளி

தவணை போனது. சுகந்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“நாளைக்கு நான் கட்டிர்றனுங்க மாமா” என்றாள், பால் பாக்கெட் வாங்கி வைத்துவிடுகிறேன் என்பது போல.

“சரி கண்ணு” என்றேன்.

ஜூலை 19, வெள்ளி

முழங்கால் வீங்கியிருக்கிறது. உட்கார்ந்தே பாடம் நடத்தினேன். பலகையில் எழுத ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிவிட்டேன். அவர்கள் எழுதுவது நன்றாகத்தான் இருக்கிறது, இதை முன்பே செய்திருக்கலாம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கடைசித் தவணை. இனிமேல் நிற்பது ஒன்பதாயிரத்துச் சில்லறைதான். முடிக்கிற அன்று அன்றைய வட்டியோடு தொகை சொல்வார்கள்.

சுகந்தியிடம் சொன்னேன். கையெழுத்துப் போட அவளும் வங்கிக்கு வர வேண்டும். ஆடி போகட்டும், ஆவணி ஏழாம் தேதி வருகிறேன் என்றாள்.

“அத்த கையால சாப்புட்டுத்தான் போவேன்னு சொல்லுங்க.”

சொன்னேன். மரகதம் அப்போதே அரிசியை நனைக்கப் போய்விட்டாள். இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது என்று சொல்லித் தடுக்க வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சுகந்தியும் லோகநாதனும் ஒன்பதரைக்கே வங்கி வாசலில் நின்றார்கள். அவள் சற்றுப் பூசினாற்போல் இருக்கிறாள். என் நடையைப் பார்த்துவிட்டு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

முடிக்க வேண்டிய தொகையை நித்யா எழுதிக் கொடுத்தார். ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. நான் பணத்தை எடுப்பதற்குள், “இத நான் கட்டறனுங்க மாமா” என்று சுகந்தி சீட்டை எழுதி வரிசையில் போய் நின்றுவிட்டாள். லோகநாதன் என் தோளைத் தொட்டு, நாற்காலியைக் காட்டினார்.

பணம் கட்டும் இடத்திலிருந்து காசாளர் சீட்டைத் திருப்பி அனுப்பினார். நித்யா அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“மேடம், ஒம்பதாயிரத்தி நானூத்திப் பதிமூணுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு ரூபா கூட இருக்குது.”

“இருக்கட்டுமுங்க” என்றாள் சுகந்தி.

“இருக்க முடியாதுங்க. ஒரு ரூபா கூட நின்னாலும் கணக்கு மூடாது. சரியாப் பூஜ்யம் ஆகோணும்.”

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். லோகநாதன்தான், “வேற சீட்டு எழுதிரு” என்றார். எழுதினாள். கட்டினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் அவளும் நானும் போட்டோம். முதல் பெயருக்கு நேரே உள்ள கட்டத்தில், காலமானார் என்று முத்திரை வைத்திருந்தார்கள். அதன் கீழே அவள் கையெழுத்து, அதன் கீழே என்னுடையது. வீட்டுப் பத்திரத்தை உறையோடு தந்தார்கள். சுகந்திக்கு, கடன் ஏதும் பாக்கியில்லை என்ற சான்றிதழ்.

படியில் இறங்கும்போது அந்த ஒரு ரூபாய் நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

“கணக்கு மூடாமப் போயிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சுங்க மாமா” என்றாள்.

வீட்டில் மரகதம் கடலைப்பருப்புப் பூரணம் வைத்து ஒப்பிட்டு சுட்டுப் பரிமாறினாள். லோகநாதன் கோகுலின் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குத் தெரியாது. நாங்கள் யாரும் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு அட்டவணையைத் திறந்தேன். வங்கி எடுத்துக்கொண்ட தொகையைப் போடவில்லை, அவள் கொடுக்க நினைத்த தொகையைப் போட்டேன். மீதியில் கழித்தல் குறியோடு ஒன்று நிற்கிறது. பூஜ்யம் இல்லாததால் கட்டம் பச்சையாக மாறவில்லை. மஞ்சளாகவே இருக்கட்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம் என்று பழைய மாணவர்களிடமிருந்து செய்திகள். கைபேசி ஒலிக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 5, சனி

தவணை இல்லை. மரகதம் அம்மிக்கல்லை இடம் மாற்றினாள். நான் ஒன்றும் செய்யவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

ட்யூஷனை நிறுத்திவிடலாமே என்றாள் மரகதம். அரையாண்டு வரைக்கும் போகட்டும் என்றேன்.

நவம்பர் 5, செவ்வாய்

காலை பத்தரைக்குக் கைபேசி ஒலித்தது. சுகந்தி.

“தவணை போயிருச்சுங்க மாமா” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. எந்தத் தவணை என்று கேட்டேன்.

“எங்க ஊட்டுதுங்க. மொதத் தவணை. தேதி எது வேணும்னு பேங்க்ல கேட்டாங்க, அஞ்சுன்னு சொல்லிட்டேன்.” பிறகு, “அந்த அட்டவணைய எனக்கும் ஒண்ணு போட்டு அனுப்புங்க மாமா. நீங்க எழுதற மாதிரியே” என்றாள்.

கோகுலின் அட்டவணையைப் பிரதி எடுத்து, பழைய எண்களைத் துடைத்து, புதுத் தொகையை ஏற்றினேன். சூத்திரங்களைத் தொடவில்லை. அடைப்புக்குறிகள் இரண்டு அதிகமாக அப்படியே இருக்கின்றன. இருபது வருடக் கடன். மீதிக் கட்டம் மஞ்சளாக வந்தது.

அனுப்புவதற்கு முன் அவளைத் திரும்பக் கூப்பிட்டு, கடன் எண்ணையும் வங்கிக் கிளையின் பெயரையும் கேட்டு வாங்கினேன்.

“எதுக்குங்க மாமா?”

“அட்டவணைக்கு மேல தலைப்புல எழுதோணுமில்ல” என்றேன்.

மரகதம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ட்யூஷனைப் பற்றி அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. மதியம் கடைக்குப் போய்விட்டு வந்தவள், ஒரு ரூபாய் நாணயங்களாகக் கொஞ்சம் மாற்றி வந்து மேசை மேல் வைத்தாள்.